இரண்டு விரல் வெட்டிய தகடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் நான் காவல் பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் முன்னால் ஒரு கார் வந்து நின்றது. பின் கண்ணாடியை இறக்கி ஒரு வயதான அம்மா என்னைக் கூப்பிட்டார். எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் மகன் வீட்டுக்கு வந்துபோகிறவர்தான். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கை மடியில் கிடந்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி.

"ஏம்பா, கர்நாடகா எல்லை தாண்டிப் போனா ஒரு மாதா கோவில் இருக்காமே. கை கால் வெளங்காதவங்களுக்கு எல்லாம் அங்க சரியாவுதாம். உனக்கு வழி தெரியுமா?"

எனக்கு வழி தெரியும். ஆனால் நேர் ரோட்டைச் சொல்லவில்லை. ஏரிக்கரை ரோட்டில் போகச் சொன்னேன். குழாய் பதிப்பதற்காக அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. மனுஷன் குலுங்கிக் குலுங்கிப் போகட்டும் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு வாட்ச்மேன் பழிவாங்குவது என்றால் அந்த அளவுக்குத்தான் முடியும். சிரிக்காதீர்கள்.

கண்ணாடி ஏறும்போது காருக்குள்ளிருந்து தைல வாசனை வந்தது. அந்த வாசனை என்னை இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பஸ்ஸில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. ஜன்னலோரம் ஸ்டெல்லா அக்கா. பஸ்ஸில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். மூக்கிலும் நெற்றியிலும் தைலத்தைத் தடவிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டே வருவார். பக்கத்தில் நான், கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு.

ஸ்டெல்லா அக்கா எங்கள் கம்பெனி கேன்டீனில் சமைத்தவர். எங்கள் கம்பெனி எங்கே இருந்தது என்கிறீர்களா? இப்போது இந்தக் குடியிருப்பு நிற்கும் இதே இடத்தில்தான். வண்டிகளுக்கான இரும்புத் தகடுப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் பிரஸ் கம்பெனி. நான் நாற்காலி போட்டு உட்காரும் இடத்திலிருந்து நீச்சல் குளம் வரை ஒரு நீளமான ஷெட். அதில் ஆறு பிரஸ் மிஷின்கள். மூன்றாம் நம்பர் என்னுடையது. இப்போது குழந்தைகள் ரப்பர் வாத்தோடு குளிக்கும் ஆழம் குறைந்த மூலைதான் அந்த இடம். கம்பெனி வேலை போனபிறகு எங்கெங்கோ காவல் வேலை பார்த்தேன், கம்பெனியும் பின்னால் மூடிவிட்டது. செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் பழைய வேப்பமரம் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. மரத்தைப் பார்த்துத்தான் இடத்தைத் தெரிந்துகொண்டேன்.

பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும், ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்ளக் கை ஏது? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இரண்டு கையாலும் அழுத்தினால் வேகம் வராது. அதனால் ஆர்டர் நெருக்கும் நாட்களில் சூப்பர்வைசர் ஒரு வேலை செய்வார். பழைய மோட்டார் பெல்ட்டிலிருந்து விரல்கடை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, இடது பட்டனை உள்ளே தள்ளி, அது திரும்ப வராதபடி அந்தத் துண்டைச் செருகிவிடுவார். அதன்பிறகு வலது கைக்கு ஒரு பட்டன், இடது கைக்குத் தகடு. ஆடிட் வரும் நாளில் பெல்ட் துண்டு அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். பையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார்.

அவர் பெயர் ராஜமாணிக்கம். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆளை அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். அன்று காலை ஷிப்டு ஆரம்பிக்கும்போது என் மிஷினிடம் வந்து துண்டைச் செருகிவிட்டு, "மதியத்துக்குள்ள லோடு போவணும். ஒரு கையில தட்டு, ஒரு கையில எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணி வாக்கில் ஒரு தகடு அச்சில் ஒட்டிக்கொண்டது. இடது கையில் புதுத் தகடு இருந்தது. பழக்கதோஷத்தில் வலது கையை உள்ளே விட்டேன். நான் குனிந்தபோது என் தொப்பை பட்டனில் இடித்தது. அந்த வயதிலேயே எனக்குத் தொப்பை உண்டு. ஸ்டெல்லா அக்காவின் சாம்பார் சாதம் அப்படி.

வலி உடனே தெரியவில்லை. சத்தம் மாறியது தெரிந்தது. இரும்பின் மேல் இரும்பு இறங்கும் சத்தம் எனக்கு மனப்பாடம். அது வேறு மாதிரி இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. என்னைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என் பின்னால் வருகிறார்கள், ஒருவர் மட்டும் மிஷினிடம் குனிந்திருக்கிறார். பட்டனிலிருந்து எதையோ பிடுங்கினார். சட்டைப் பையில் போட்டார். தட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆறு சாத்துக்குடியும் ஒரு பேப்பரும் கொண்டுவந்தார். பேப்பர் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. "எல்லாம் நான் எழுதிட்டேன், நீ கையெழுத்து மட்டும் போடு. உன் வேலைக்கு நான் கேரண்டி" என்றார். வலது கை கழுத்துக் கட்டில் உறிபோல் தொங்கியது. இடது கையால், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி, என் பெயரை எழுதினேன். நன்றி சொன்னேன் என்று கூட ஞாபகம். அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. விரல் போனதற்கு இல்லை, நன்றி சொன்னதற்கு.

இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு அம்மா அந்தப் பேப்பரைப் படித்துத் தமிழில் சொன்னார். மிஷின் நல்ல நிலையில் இருந்ததாம். இரண்டு பட்டனும் வேலை செய்ததாம். விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம் என்று நானே ஒப்புக்கொள்கிறேனாம். கீழே என் கோணல் கையெழுத்து. பெல்ட் துண்டைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க என்றார். கம்பெனியில் பெருக்குகிற வேலைக்குக் கூட என்னைத் திரும்ப எடுக்கவில்லை. யாரிடமும் போய்ச் சண்டை போட எனக்கு வராது. டீக்கடையில் மீதிச் சில்லறை கேட்கவே இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறவன் நான்.

வாயால் கேட்க முடியாதவர்கள் சாமியிடம்தான் போவார்கள். என் ஊர் கல்லாவி. எங்கள் பக்கம் ஒருவன் அநியாயம் செய்துவிட்டால் கோவிலில் போய் அவன் பெயரைச் சொல்லிக் காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு நாணயத்தை உளி வைத்து இரண்டாக வெட்டிச் சாமி முன்னால் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எங்கள் கிணற்று மோட்டாரைத் திருடிவிட்டார் என்று பக்கத்துக் காட்டுக்காரர் மேல் என் அப்பா ஒருமுறை காசு வெட்டிப் போட்டார். ஆறு மாதத்தில் அவருடைய கிணறு வற்றியது. எங்கள் கிணறும்தான் வற்றியது, ஆனால் அப்பா அதைப் பற்றிப் பேச மாட்டார்.

நான் ஊருக்குப் போய்க் காசு வெட்டலாம் என்று இருந்தபோதுதான் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு வந்தார். இல்லாத விரல்கள் ராத்திரியெல்லாம் வலிக்கின்றன என்று என் வீட்டுக்காரி அவரிடம் சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான், வெட்டிப் போன விரல் நுனியில் நகம் பிடுங்குகிற மாதிரி வலிக்கும். "மாதாகிட்ட வா தம்பி. வெரல் மொளைக்காது, அத நான் சொல்லமாட்டேன். ஆனா வலி போவும். கேட்டது கெடைக்கும்" என்றார். கேட்டது கிடைக்கும் என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். சாமி என்றால் எல்லாச் சாமியும் ஒன்றுதானே. ஊருக்குப் போய்வர ஒரு நாள் ஆகும், இது ஒன்றரை மணி நேரம்.

கோவில் ஒரு சின்னப் பாறைக் குன்றின் மேல் இருந்தது. சனிக்கிழமை குணமளிக்கும் ஜெபம். கட்டிலோடு கொண்டுவந்தவர்கள், கோல் ஊன்றி வந்தவர்கள், ஓசூர் கம்பெனிச் சட்டையோடு வந்தவர்கள். மைக்கில் ஒரு ஜெபத்தைத் தமிழில் சொன்னார்கள், பிறகு கன்னடத்தில், பிறகு தெலுங்கில். எனக்கு மூன்று பாஷையும் புரியும் என்பதால் ஒரே ஜெபத்தை மூன்று தடவை கேட்க வேண்டியதாயிற்று.

படிக்கட்டில் ஒரு கன்னடக்கார அம்மா கடை வைத்திருந்தார். வெள்ளி நிறத்தில் மெல்லிய தகடுகள். கண், காது, கால், கை, வயிறு, வீடு, தொட்டில். உடம்பில் எது சரியில்லையோ அந்தத் தகட்டை வாங்கி மாதாவின் பக்கச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்த அம்மா, "யாவ கை பேக்கு?" என்று கேட்டார், எந்தக் கை வேண்டுமாம். வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தகட்டைக் கையில் வாங்கியதும் பழைய புத்தி, விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் பிசிறு நின்றது. அச்சு அரை நூல் அளவுக்கு விலகியிருக்கிறது. இதையும் எங்கேயோ ஒருத்தன் பிரஸ்ஸில்தான் அடித்திருப்பான். அவனுக்கு விரல் எத்தனை இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா அக்கா மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தார். கடைக்கார அம்மாவிடம் நூல் வெட்டும் கத்தரியைக் கேட்டு வாங்கி, ஒரு மூலையில் உட்கார்ந்தேன். தகட்டை முழங்காலில் வைத்துக் கட்டுக் கையால் அழுத்திக்கொண்டு, இடது கையால் அதன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வெட்டி எடுத்தேன். கைக்கட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, தகட்டின் பின்பக்கத்தில் ராஜமாணிக்கம் என்று கீறினேன். கால் மணி நேரம் ஆனது. நான் வேண்டிக்கொண்டது இதுதான்: என் கை போன மாதிரி அவர் கையும் போக வேண்டும். போகும்போது அவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

நிமிர்ந்தால் ஸ்டெல்லா அக்கா எதிரில் நிற்கிறார். கண் கலங்கியிருந்தது.

"நீ செஞ்சதுதான் சரி தம்பி. எல்லாரும் முழுக் கைய வாங்கி மாட்டுறாங்க. நீதான் உள்ளத உள்ளபடி காட்டுற. மாதாவுக்கு இதுதான் புடிக்கும்."

அவர் என் கை என்று நினைத்துவிட்டார். அக்கா, இது என் கை இல்லை, அந்தாள் கை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் தகட்டை வாங்கிக்கொண்டு போய், ஆட்களை விலக்கி, மாதாவுக்கு மிக அருகில், எல்லோர் கண்ணிலும் படும் ஆணியில் கட்டிவிட்டார். காற்றில் அது மெதுவாகத் திரும்பியது. ஒரு பக்கம் மூன்று விரல் கை, மறுபக்கம் அவர் பெயர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்திலிருந்து என் விரல் வலி நின்றுபோனது. நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டதைக் கொடுக்காமல் கேட்காததைக் கொடுத்ததில் எனக்கு மாதா மேல் பல வருஷம் வருத்தம் இருந்தது.

ராஜமாணிக்கம் சாரை நான் மறுபடி பார்த்தது எட்டு மாதத்துக்கு முன்னால், இதே கேட்டில். அப்பா வேலை பார்த்த இடமாயிற்றே என்று அவர் மகன் இங்கே வீடு வாங்கியிருக்கிறாராம். முதல் நாள் அவர் காரிலிருந்து இறங்கி நீச்சல் குளத்தைக் காட்டி, அங்கதான் எங்க ஷெட்டு என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தலை நரைத்து முதுகு வளைந்திருந்தது, ஆளை அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. பேசி முடித்ததும் சட்டைப் பையைத் தட்டினார். அந்தத் தட்டலில்தான் ஆளைத் தெரிந்துகொண்டேன். அப்புறம்தான் அந்தக் கையைப் பார்த்தேன். தட்டுவதற்கு முன்பும் தட்டிய பிறகும் அது நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் தாமதமானாலும் வேலை நடந்திருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்?

எங்கள் கேட்டில் பெரிய நோட்டு ஒன்று இருக்கும். வருகிறவர்கள் பெயர், வீட்டு எண், வந்த காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருப்பவர்களின் அப்பா அம்மாவுக்கு அது தேவையில்லை என்பது வழக்கம். நான் அவரை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் காரிலிருந்து இறக்கி எழுதவைத்தேன். அந்த அம்மா முகம் சுளிப்பார். ரூல்ஸ்மா என்பேன். அவர் நடுங்கிக்கொண்டே எழுதுவார், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தொப்பியும் மீசையும் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அம்மா மாதா கோவிலுக்கு வழி கேட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போய் மாதா முன்னால் நின்று கை சரியாக வேண்டும் என்று கேட்பார். கேட்டால் கிடைக்குமே. அங்கே என் தகடு இன்னும் தொங்குகிறதா? அவர்கள் அடுத்த ஞாயிறு போவதாகப் பேச்சு. நான் புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். நேர் ரோட்டில்தான்.

சுவர் இல்லை. அதாவது சுவர் இருந்தது, மேலிருந்து கீழ்வரை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஒரு ஆணி கூட இல்லை. படிக்கட்டுக் கடையில் பழைய அம்மாவின் மகள் இருந்தாள். தகடு விற்பதை நிறுத்திப் பல வருஷமாம். இரண்டு விரல் இல்லாத ஒரு கை இருந்ததே என்று கேட்டேன்.

"அதுவா? ரெண்டு பெரளு இல்லாத கை?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அது ரொம்ப பவர்ண்ணா. ஓசூர்ல ஃபேக்டரில கை போனவங்க எல்லாம் வந்து அதத்தான் தொட்டுக் கும்புடுவாங்க. தொட்டுத் தொட்டுத் தேஞ்சே போச்சு. பின்னாடி ஏதோ பேரு இருந்துச்சு. எதோ புனிதர் பேருன்னு அதுக்கும் முத்தம் குடுப்பாங்க."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பெயருக்கு முத்தம். என்னைப் போலக் கை போனவர்கள் வரிசையில் நின்று கொடுத்த முத்தம். டைல்ஸ் ஒட்டும்போது எல்லாத் தகடுகளையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள் என்று அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. ஸ்டெல்லா அக்கா இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லித் திட்டு வாங்கியிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

திரும்பி வரும் பஸ்ஸில் இன்னொரு மாதிரி தோன்றியது. முத்தம் கொடுத்தார்கள், சரி. ஆனால் விரல் போன அத்தனை கைகளும் அந்தப் பெயரைத் தடவியிருக்கின்றன. ஒவ்வொரு கையும் எங்கோ ஒரு பெல்ட் துண்டால் போன கை. அத்தனை கைகள் தடவிய பெயர்க்காரனுக்குக் கை நிற்காமல் ஆடினால் அதில் ஆச்சரியம் என்ன? எனக்கு இது போதுமானதாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அவர்கள் அந்த ஞாயிறே போய்வந்துவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறுதான் எங்கள் கேட்டில் நோட்டுக்குக் கடைசி நாள். திங்கள் முதல் எல்லாம் செல்போனில், யார் வந்தாலும் வீட்டுக்காரர் தன் போனில் சரி என்று அழுத்தினால் போதும் என்று குடியிருப்புச் செக்ரட்டரி சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு அந்தக் கார் வந்தது. கையைப் பார்த்தேன். முன்னைவிட அதிகமாக ஆடியது. வழக்கம்போல இறங்கச் சொன்னேன். அந்த அம்மா, வீட்டுக்காரர் மாதா முன்னால் ரொம்ப அழுதார் என்று மெதுவாகச் சொன்னார். எதற்கு அழுதார் என்று நான் கேட்கவில்லை.

ராஜமாணிக்கம் சார் பேனாவைப் பிடிக்கப் பார்த்தார். இரண்டு முறை நழுவியது. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை.

"கை வரலப்பா. நீயே எழுதிக்க. நான் கையெழுத்து மட்டும் போடறேன்."

இந்த வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். நோட்டை என் பக்கம் திருப்பினேன். காற்றில் பக்கம் புரளாமல் வலது கையால் அழுத்திக்கொண்டேன். மூன்று விரல்களையும் அவர் குனிந்து பார்த்தார்.

"கைக்கு என்னாச்சு?"

"பிரஸ்ல போச்சு சார்."

"பாத்து வேல செய்யறதில்லையா?"

கோபமாகக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். ஆறு சாத்துக்குடி கொண்டுவந்த அதே அக்கறை.

நான் இடது கையால் அவர் பெயரை எழுதினேன். வீட்டு எண்ணை எழுதினேன். வந்த காரணம் என்ற கட்டத்தில், என் நல்ல எழுத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினேன்: மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் பெல்ட் துண்டைச் செருகியது நான்தான். கட்டம் போதாமல் அடுத்த வரிக்குப் போனது. அவர் பொறுமையாக நின்றார். நோட்டைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். படிக்கவில்லை. போட்டார். ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே, ஆஸ்பத்திரியில் நான் போட்டதற்குத் தம்பி மாதிரி இருந்தது.

போட்டுவிட்டு என் பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகித் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"சார்" என்றேன். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. "அது எங்களுது."

எடுத்துக் கொடுத்துவிட்டு, ஞாபகமே இருக்கிறதில்லை என்று சிரித்தார். மனசு ஆறியதா என்று கேட்பீர்கள். அன்று மதியம் என் சோற்றையும் தின்றுவிட்டு, அடுத்த ஷிப்டுக்காரர் கொண்டுவந்த சோற்றிலும் பாதி தின்றேன்.

மறுநாள் காலையில் நான் வருவதற்குள் பழைய நோட்டுகளையெல்லாம் கயிறு கட்டிப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளத் தோன்றாமல் போயிற்று. பாகலூர் ரோட்டில் ஏதாவது கடையில் போண்டா சுற்றிக் கொடுத்திருப்பார்கள். இப்போது அவர் காரிலிருந்து இறங்குவதில்லை. மகன் போனில் அழுத்துகிறார், தடுப்புக் கட்டை தானாக மேலே எழும்புகிறது, கார் உள்ளே போகிறது. ஷெட் இல்லை, மூன்றாம் நம்பர் மிஷின் இல்லை, ஸ்டெல்லா அக்கா இல்லை, சுவரில் தகடு இல்லை, நோட்டும் இல்லை. யாரிடமும் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்தேன்.